‘ரேஞ்ச்’ வரும் இடமெல்லாம் ‘வீச்சு’ போட்டாச்சு. எங்கே இடிக்கும்?

சொல்லேர் | 4 மார்ச் 2024, காலை 9.12

கையேட்டுத் தொகுப்பு ஒன்று மொழிபெயர்ப்பில் இருக்கிறது. மின்கருவி, மின்வண்டி, பள்ளிக் கணக்கு, ஓட்டல் அடுப்பு, கப்பல் பராமரிப்பு எல்லாம் ஒரே மூட்டை. இதில் ‘ரேஞ்ச்’ மட்டும் 61 இடத்தில் வருகிறது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்பது கொடுத்தவர்கள் வைத்த விதி. 61க்கும் ‘வீச்சு’ போட்டுவிட்டேன். எறிவது, எட்டுவது, பரவுவது மூன்றும் அதற்குள் அடங்கும் என்பது என் கட்சி. இடிக்கிற இடம் இருந்தால் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | 4 மார்ச், 9.40

பள்ளிக் கணக்கிலேயே இடிக்கும். புள்ளியியலில் வீச்சு சரி: இருப்பதில் பெரியது கழித்தல் சிறியது. இயற்பியலில் ‘வீச்சு’ என்பது ஆம்ப்ளிட்யூட். ஊசல் நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் விலகும் அதிகபட்சத் தூரம்.

ஒரு ஊசல் இந்தப் பக்கம் 10 செ.மீ., அந்தப் பக்கம் 10 செ.மீ. ஆடுகிறது. இயற்பியல் வாத்தியாரிடம் வீச்சு கேட்டால் 10 என்பார். புள்ளியியல் வாத்தியாரிடம் கேட்டால் 20 என்பார். இரண்டுமே சரி.

எறிபொருள் போய் விழும் தூரத்துக்கு நம் பாடநூலில் ‘கிடைத்தள நெடுக்கம்’. சார்பு (ஃபங்க்ஷன்) பாடத்தில் விடையாக வரும் மதிப்புகளின் கணத்துக்கு ‘வீச்சகம்’. ஆக ஒரே ‘ரேஞ்ச்’சுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலிலேயே மூன்று சொல் ஆகிவிட்டது.

சும்மா | 4 மார்ச், 9.51

நாலாவதாக ஒன்று இருக்கிறது. ராத்திரி கடையில் ‘ரெண்டு வீச்சு’ என்றால் நெடுக்கமும் வராது, வீச்சகமும் வராது. சால்னாவோடு பரோட்டா வரும்.

வல்வைக்காரன் | 4 மார்ச், 10.20

இலங்கைப் பாடத்தில இந்தக் குழப்பம் குறைவு. ஆம்ப்ளிட்யூட் ‘வீச்சம்’, ரேஞ்ச் ‘வீச்சு’. ஒரு ‘ம்’ போட்டுப் பிரிச்சு வைச்சிருக்கினம். சார்பில டொமைனுக்கு, அதாவது உள்ள போடுற மதிப்புகளின்ர கணத்துக்கு, ‘ஆட்சி’. உங்கட ‘மதிப்பகம்’ எண்ட சொல்லைப் பார்த்தால் எங்கட பிள்ளையளுக்கு உடன விளங்காது. கையேடு எந்தக் கரைக்குப் போகுது எண்டதை முதல்ல முடிவெடுங்கோ.

சொல்லேர் | 4 மார்ச், 10.31

தமிழ்நாட்டுக்கு. ஊசல் கணக்கு என் கட்சியை உடைத்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். 61ஐயும் பிரித்து மேய வேண்டியதுதான். ஆனால் ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது? துப்பாக்கி சுடும் தூரத்துக்கும் அடுப்புக்கும் என்ன சம்பந்தம்?

வேர்ச்சொல் | 4 மார்ச், பிற்பகல் 2.05

தூரத்தில் தொடங்கினால் சம்பந்தம் கிடைக்காது. இந்தச் சொல்லின் பழைய பொருள் ‘வரிசை’. பழைய பிரெஞ்சில் ரெங்க் என்றால் வரிசை, ரெஞ்சியே என்றால் வரிசையில் நிறுத்துதல். பெயர்ச்சொல் ஆங்கிலத்துக்குப் போய் ‘ரேங்க்’ ஆனது, வினையின் வழியே வந்தது ‘ரேஞ்ச்’. முன்னொட்டுச் சேர்ந்தது ‘அரேஞ்ச்’.

ஏன் ஒன்றில் க், மற்றதில் ஜ்? பெயர்ச்சொல்லில் மெய் கடைசியில் நின்றது, இறுகி ‘ங்க்’ ஆகிவிட்டது. வினையில் அதற்குப் பின்னால் உயிரோசை வந்தது, அது ‘ஞ்ஜ்’ என்று குழைந்தது.

அதற்கும் பின்னால் போனால் பிராங்க் மக்களின் ஜெர்மானியச் சொல் ‘ஹ்ரிங்’. வட்டம், வளையம். விரலில் போடும் ‘ரிங்’ இதே சொல்தான். வட்டமாகக் கூடி நிற்கும் ஆட்களிலிருந்து வரிசையாக நிற்கும் ஆட்களுக்குப் பொருள் நகர்ந்தது.

இனி உங்கள் 61ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மலை வரிசை: மலைத்தொடர். அடுப்பு வரிசை: சமையல் ரேஞ்ச். வரிசையாகப் போவது என்பது வினையில் ‘ஊர் சுற்றிவருவது’ ஆனது. காட்டைச் சுற்றிவருபவன் ரேஞ்சர். மாடு சுற்றித் திரியும் வெளி, மேய்ச்சல் நிலம். திரியக்கூடிய பரப்பிலிருந்து எட்டக்கூடிய தூரம். ‘எல்லை, அளவு’ என்று நாம் முதலில் நினைக்கும் பொருளெல்லாம் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவை.

தமிழே முதல் | 4 மார்ச், மாலை 6.48

வட்டமாகக் கூடுவது, ஆட்கள் நிற்பது. இது அப்படியே நம் ‘அரங்கு’. அரங்கு, ரங்கு, ரெங்கு, ரேஞ்சு. இங்கிருந்து போனதை அங்கிருந்து வந்ததாகச் சொல்கிறீர்கள்.

வேர்ச்சொல் | 4 மார்ச், இரவு 8.30

முதலெழுத்து விடாது. ஜெர்மானியச் சொல்லின் தலையில் ஒரு ‘ஹ்’ இருக்கிறது. பழைய ஆங்கிலத்திலும் ‘ஹ்ரிங்’ என்றுதான் எழுதினார்கள். ஜெர்மானிய ‘ஹ்’ அதற்கு முந்தைய ‘க்’கிலிருந்து வருவது. அந்தக் ‘க்’ ஸ்லாவிய மொழிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது: ரஷ்யனில் வட்டத்துக்கு ‘க்ரூக்’. ஆக நீங்கள் தேடவேண்டியது ‘க்ர’வில் தொடங்கும் சொல். அரங்கில் அந்தக் ககரம் எங்கே?

ஓசை ஒத்துவருவது போதாது, எழுத்துக்கு எழுத்து கணக்குக் காட்டவேண்டும். கணக்கு நேராகும் சொல் வேண்டுமென்றால் ஆரஞ்சை எடுங்கள். அது நாரங்கம் வழியே மேற்கே போனது. அதன் பின்னால் திராவிட வேர் இருக்கிறது என்று சொல்லப் பலரும் தயார்.

சும்மா | 4 மார்ச், 8.34

ஆரஞ்சு நம்முடையது, ரேஞ்சு அவர்களுடையது. பாகப்பிரிவினை முடிந்தது.

வேர்ச்சொல் | 4 மார்ச், 8.52

மேலே ஒன்று விட்டுப்போனது. இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு பேர். ஸ்பானிஷ் வழியாகச் சுற்றிவந்த ‘ரான்ச்’, அதாவது மாட்டுப்பண்ணை. ஸ்காட்லாந்து வழியாக வந்த ‘ரிங்க்’, அதாவது சறுக்குக் களம். ஆனால் ‘நாற்றமடிக்கிற’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு ‘ரேங்க்’ உண்டே, அது வேறு வேர். மயங்கவேண்டாம்.

உலாந்தி | 5 மார்ச், காலை 7.15

ரேஞ்சர் என்பதற்கு ‘வீச்சர்’ என்று போட்டுவிடாதீர்கள். வனத்துறையில் ரேஞ்ச் என்றால் வனச்சரகம். அடுக்கு இப்படி: கோட்டம், அதற்குள் சரகம், அதற்குள் பிரிவு, அதற்குள் காவல் சுற்று. பொறுப்பும் அதே வரிசை: கோட்டத்துக்கு மாவட்ட வன அலுவலர், சரகத்துக்கு வனச்சரக அலுவலர், பிரிவுக்கு வனவர், காவல் சுற்றுக்கு வனக்காப்பாளர். ஆனைமலையில் டாப்சிலிப் இருப்பது உலாந்தி சரகம். பக்கத்தில் மானாம்பள்ளி, வால்பாறை, பொள்ளாச்சி என்று தனித்தனிச் சரகங்கள்.

மொழிபெயர்ப்பவர்கள் தடுக்குவது கடைசி இரண்டில். வனக்காப்பாளர் வேறு, வனக்காவலர் வேறு. காப்பாளர் என்பவர் ஃபாரஸ்ட் கார்டு. காவலர் என்பவர் வாட்சர், அவருக்குக் கீழே. பத்திரிகைகள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகின்றன.

உலாந்தி | 5 மார்ச், 7.40

இன்னொன்று. சரகம் என்பதை ரேஞ்சுக்கு நேர்ச்சொல் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. காவல்துறையில் டி.ஐ.ஜி. சரகம் என்றால் சில மாவட்டங்கள் சேர்ந்தது. அதே துறையில் ‘இந்தக் காவல் நிலையச் சரகத்துக்கு உட்பட்ட’ என்று எழுதினால் ஒரு நிலையத்தின் எல்லை மட்டும். கூட்டுறவுத் துறையில் துணைப்பதிவாளர் சரகம் என்பது ஆங்கிலத்தில் சர்க்கிள். எதிரே இருப்பது எந்தத் துறை என்று பார்க்காமல் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்பினால் மாட்டிக்கொள்வீர்கள்.

வேர்ச்சொல் | 5 மார்ச், 8.10

சரகம் சர்க்கிளுக்கும் ஆகிறது, ரேஞ்சுக்கும் ஆகிறது! ஹ்ரிங் என்ற வட்டத்திலிருந்து கிளம்பிய சொல் கோயம்புத்தூர் அலுவலகப் பலகையில் வட்டத்தோடு மறுபடி சேர்ந்துவிட்டது. எழுத்தர் யாரும் வேர் தேடி இதைச் செய்யவில்லை, வேலைக்குப் பொருந்தியது, போட்டார்கள். இருந்தாலும் பார்க்க நன்றாக இருக்கிறது.

பழைய மல்டிமீட்டர் | 5 மார்ச், 11.25

மின்கருவிக் கையேட்டுக்கு வருகிறேன். மல்டிமீட்டர் திருகில் ரேஞ்ச் என்பது வீச்சும் இல்லை, தூரமும் இல்லை. ‘அளவு வரம்பு’ என்று போடுங்கள். காரணம் இது.

டி.சி. வோல்ட் பக்கம் சாதாரண மீட்டரில் 200 மில்லி, 2000 மில்லி, 20, 200, அதற்கு மேல் ஒன்று என்று படிகள் இருக்கும். 12 வோல்ட் பேட்டரியை 20இல் வைத்தால் 12.64 என்று காட்டும். 200இல் வைத்தால் 12.6. அதற்கும் மேலே வைத்தால் வெறும் 12, இல்லை 13. மேல் வரம்பு ஏற ஏற ஒரு தசம இடம் போகிறது. அதனால் அளக்கும் மதிப்புக்குச் சற்று மேலே இருக்கும் படிதான் சரியான படி. மதிப்பே தெரியாது என்றால் உச்சத்தில் தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்கவேண்டும். கீழிருந்து ஏறக்கூடாது.

திரையின் இடது ஓரத்தில் ஒற்றை ‘1’ மட்டும் நின்றால் அது ஒரு வோல்ட் இல்லை, வரம்பு மீறிவிட்டது என்று பொருள். இந்த வரியைத் தப்பாக மொழிபெயர்த்த கையேடு நிறைய உண்டு.

பழைய மல்டிமீட்டர் | 5 மார்ச், 11.48

தொடர்ச்சி. திருகைச் சரியாக வைத்தும் மீட்டர் வெடிப்பதற்கு முக்கியக் காரணம் செருகுதுளை. சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்க, திருகை ஏ.சி. வோல்ட்டுக்குத் திருப்பி பிளக் பாயிண்டில் வைப்பார்கள். அந்தத் துளைக்கும் பொதுத் துளைக்கும் நடுவே மீட்டருக்குள் இருப்பது தடித்த கம்பித் துண்டு. நேரே ஷார்ட். விலை குறைந்த மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃப்யூஸும் கிடையாது. கையேட்டில் ‘ரேஞ்ச் மாற்றும் முன் துளையைச் சரிபார்’ என்ற எச்சரிக்கை இருந்தால் அதைத் தடித்த எழுத்தில் விடுங்கள்.

சொல்லேர் | 5 மார்ச், நண்பகல் 12.02

இருக்கிறது. நான் ‘வீச்சை மாற்றுமுன் ஓட்டையைப் பார்’ என்று எழுதியிருந்தேன். திருத்தியாச்சு.

சும்மா | 5 மார்ச், 12.05

அந்த வரியை எடுத்துவிடாதீர்கள் தல, சுவரில் மாட்டலாம்.

அடுப்படி | 5 மார்ச், பிற்பகல் 3.30

ஓட்டல் கிச்சனில் யாரும் மொழிபெயர்க்கமாட்டார்கள். த்ரீ பர்னர் ரேஞ்ச், சைனீஸ் ரேஞ்ச், அவ்வளவுதான். ‘வரிசை அடுப்பு’ என்று எழுதினால் சமையல்காரருக்குப் புரியும், ஆனால் உதிரிபாகக் கடையில் கேட்கமுடியாது. ரேஞ்ச் என்றே விடுங்கள்.

கையேட்டில் ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். வணிக சிலிண்டர் 19 கிலோ. வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ, அதை ஓட்டலில் வைக்க அனுமதி இல்லை. மூன்று பெரிய பர்னரை ஒரே சிலிண்டரில் மாட்டி முழு வேகத்தில் எரித்தால் அரை மணியில் சிலிண்டரின் அடிப்பக்கம் வியர்த்துப் பனி பிடிக்கும், தீ தளரும். கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து மாற்றுவார்கள். உள்ளே திரவம் இருக்கும், ஆனால் அது ஆவியாகும் வேகம் பர்னர் கேட்கும் வேகத்துக்கு வரவில்லை. இரண்டு மூன்று சிலிண்டரை மேனிஃபோல்டில் (பொதுக் குழாயில்) இணைத்தால் சுமை பிரிந்துவிடும். சுடுதண்ணீர் ஊற்றிச் சிலிண்டரைச் சூடாக்குகிற வேலை வேண்டாம்.

தீ மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் அது வேறு கோளாறு. காற்றுத் துவாரம் அடைத்திருக்கும், இல்லை மூடி தள்ளியிருக்கும்.

சும்மா | 5 மார்ச், மாலை 5.10

எல்லாம் சரி. ‘அவன் ரேஞ்சே வேற’ என்பது உங்கள் 61இல் வருமா?

வேர்ச்சொல் | 5 மார்ச், இரவு 9.00

கையேட்டில் வராது, ஆனால் இந்த இழையில் வரவேண்டியது அதுதான். ‘கலெக்டர் ரேஞ்சுக்குப் பேசுறான்’ என்றால் தூரமா, அளவா? அந்தஸ்து. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நிற்பது ரேஞ்சின் உடன்பிறப்பான ரேங்க். இரண்டும் ஒரே வரிசையிலிருந்து பிரிந்தவை என்று மேலே சொன்னேன். அண்ணன் தம்பி பிரிந்து நூற்றாண்டுகள் ஆனபிறகு, தமிழ்த் தெருவில் தம்பி போய் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

இது வழிவழியாக வந்த பொருள் இல்லை. ‘விலை ரேஞ்ச்’, ‘எந்த ரேஞ்சுல பாக்குறீங்க’ என்று கடைப்பேச்சில் புழங்கி, அங்கிருந்து ஆளின் தரத்துக்கு ஏறியது என்பது என் கணிப்பு. ஜவுளிக்கடையில் புடவையின் ரேஞ்சு, வீட்டுக்கு வந்ததும் சம்பந்தியின் ரேஞ்சு.

கணக்குப்பிள்ளை | 5 மார்ச், 9.25

இலக்கணத்திலும் இடம் பிடித்துவிட்டது. ‘அழுகிற அளவுக்கு’ என்ற இடத்தில் ‘அழுகிற ரேஞ்சுக்கு’. பெயரெச்சத்துக்குப் பின்னால், நான்காம் வேற்றுமையோடு, அளவுக்கு வரும் அதே இருக்கை. ஆனால் எப்போதும் மேல்நோக்கித்தான் வரும் என்று தோன்றுகிறது. உயர்வாக்கிச் சொல்ல மட்டும்.

வல்வைக்காரன் | 5 மார்ச், 10.02

‘பிச்சை எடுக்கிற ரேஞ்சுக்கு ஆக்கிப்போட்டான்’ எண்டும் சொல்லுறவைதானே? அது எந்த மேல்?

கணக்குப்பிள்ளை | 5 மார்ச், 10.15

ஆமாம், மேல் மட்டும் என்று சொன்னது தப்பு. இரண்டு ஓரத்துக்கும் வரும், நடுவுக்குத்தான் வராது. ‘சுமாராகச் சாப்பிடுகிற அளவுக்குச் சம்பளம்’ என்பது இயல்பு. ‘சுமாராகச் சாப்பிடுகிற ரேஞ்சுக்கு’ என்று யாரும் சொல்வதில்லை. ‘அளவுக்கு’ நிதானமாகவும் பேசும், ‘ரேஞ்சுக்கு’ மிகைப்படுத்தத்தான் வரும். முழு மாற்றுச்சொல் இல்லை.

சும்மா | 5 மார்ச், 10.20

தொல்காப்பியர் ரேஞ்சுக்கு விதி எழுதிவிட்டீர்கள். ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது, ‘இரேஞ்சு’ என்று திருத்திக்கொள்ளவும்.

எல்லைக்கப்பால் | 6 மார்ச், காலை 6.50

பாலக்காட்டைத் தாண்டினால் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலை. போனில் சிக்னல் இல்லை என்றால் மலையாளிகள் ‘ரேஞ்ச் இல்ல’ என்பார்கள். நாம் ‘டவர் இல்ல’ என்கிறோம். அவர்கள் எட்டும் தூரத்தைச் சொல்கிறார்கள், நாம் கம்பத்தைச் சொல்கிறோம். கையேட்டில் வை-ஃபை ரேஞ்ச், ப்ளூடூத் ரேஞ்ச் வந்தால் ‘எட்டும் தூரம்’ போதும். வேறு சொல் தேடவேண்டாம். தமிழில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு: கூப்பிடு தூரம், கல்லெறி தூரம், கண்ணுக்கெட்டிய தூரம். குரலின் ரேஞ்ச், கையின் ரேஞ்ச், கண்ணின் ரேஞ்ச்.

வண்டிச்சத்தம் | 6 மார்ச், 8.15

மின்வண்டிக் கையேட்டில் ரேஞ்சை ‘மைலேஜ்’ என்று எழுதிவிடாதீர்கள். ஷோரூமிலேயே ‘என்ன மைலேஜ் தரும்’ என்றுதான் கேட்கிறார்கள், ஆனால் இரண்டும் வேறு. மைலேஜ் என்பது ஒரு லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்ற விகிதம். ரேஞ்ச் என்பது முழு சார்ஜுக்கு மொத்தம் எத்தனை கி.மீ. என்ற தூரம்.

கணக்கு எளிது. ஸ்கூட்டரில் 3 கிலோவாட் மணி பேட்டரி, அதில் பயன்படுத்த விடுவது 90 சதவீதம் என்றால் 2700 வாட் மணி. நகரத்தில் நிதானமாக ஓட்டி ஒரு கி.மீ.க்கு 30 வாட் மணி ஆனால் 90 கி.மீ. பைபாஸில் விரட்டி ஒரு கி.மீ.க்கு 45 ஆனால் 60 கி.மீ. வண்டியும் பேட்டரியும் அதேதான், காற்றைத் தள்ளும் செலவுதான் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு விசை நான்கு மடங்கு. விளம்பரத்தில் போடும் எண் சோதனைக்கூட ஓட்டச் சுழற்சியில் வருவது, அதில் பைபாஸ் விரட்டல் கிடையாது. ‘ஒரு சார்ஜில் ஓடும் தூரம்’ என்று நீளமாகவே எழுதுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை | 6 மார்ச், 9.30

புள்ளியியல் வீச்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை, கையேட்டில் பயிற்சிக் கணக்கு இருப்பதால். 12, 15, 15, 18, 19, 61. வீச்சு 49. கடைசி எண் 16க்குப் பதில் புரண்டு 61 ஆன தட்டச்சுப் பிழை என்று வையுங்கள். திருத்தினால் வீச்சு 7. ஆறு எண்ணில் ஒன்று புரண்டதும் விடை ஏழு மடங்கு. வீச்சுக்கெழுவும் (வீச்சைப் பெரியதும் சிறியதும் கூட்டிய தொகையால் வகுத்தது) அப்படியே: 73இல் 49 என்று 0.67 வந்தது, 31இல் 7 என்று 0.23க்கு இறங்கும். இரண்டு ஓர எண்ணை மட்டும் பார்க்கும் அளவை என்பதால் நடுவில் இருக்கும் நாலு பேருக்கு அதில் குரலே இல்லை.

எறிபொருள் கணக்கில் 45 பாகையில்தான் நெடுக்கம் அதிகம் என்று இருக்கும். சரி.

மைதானம் | 6 மார்ச், 10.05

முழுக்கச் சரியில்லை சார். எறியும் இடமும் விழும் இடமும் ஒரே மட்டம், காற்றுத் தடை இல்லை என்ற இரண்டு நிபந்தனையும் இருந்தால்தான் 45. குண்டு எறிதலில் குண்டு தோள் உயரத்துக்கு மேலிருந்து கிளம்பித் தரையில் விழுகிறது. அதனால் உகந்த கோணம் 45க்குக் கீழே இறங்கிவிடும். அதோடு, மேல்நோக்கித் தள்ளத் தள்ள கையிலிருந்து விடுபடும் வேகம் குறையும், உடம்பின் அமைப்பு அப்படி. நல்ல வீரர்கள் 40க்கும் கீழேதான் விடுகிறார்கள். 45ஐப் பிடிக்கப்போனால் தூரம் குறையும்.

கணக்குப்பிள்ளை | 6 மார்ச், 10.11

ஒப்புக்கொள்கிறேன். சமதளம், காற்றில்லா வெளி என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் வினாடிக்கு 20 மீட்டர் வேகம் என்றால் 45 பாகையில் சுமார் 40.8 மீட்டர். 30இலும் 60இலும் ஒரே நெடுக்கம், சுமார் 35.3 மீட்டர்.

பூஜ்யம் | 6 மார்ச், பிற்பகல் 1.20

நிரலாக்கப் பகுதி இருக்கிறதா தெரியாது, இருந்தால்: பைதான் மொழியில் ரேஞ்ச்(1, 10) என்றால் 1 முதல் 9 வரை. 10 சேராது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் இங்கே ஒரு தடவை விழுவார்கள். கடைசி எண்ணைச் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. முடிவு கழித்தல் தொடக்கம் நேராக எண்ணிக்கையைத் தரும். 1 முதல் 10, 10 முதல் 20 என்று இரண்டு துண்டு போட்டால் 10 இரண்டு தடவை எண்ணப்படாது. எக்ஸெல்லில் ஏ1:ஏ10 என்றால் பத்தாவது கட்டமும் சேர்த்தி. ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவும்போது ஒரு வரிசை விடுபடும்.

வேர்ச்சொல் சொன்ன பழைய பொருளில் பைதான் ஆசாமி சுத்தமாக இருக்கிறார். அவர் கொடுப்பது வரம்பு இல்லை, எண்களின் வரிசை.

ஆறு மைல் | 6 மார்ச், இரவு 11.40

வரிசை என்ற பொருள் அப்படியே உறைந்து கிடக்கும் இடம் அமெரிக்க நிலப்பத்திரம். 1785 நிலச் சட்டத்தின்படி நிலத்தை 6 மைலுக்கு 6 மைல் சதுரங்களாக வெட்டினார்கள். ஒரு சதுரம் டவுன்ஷிப். அதற்குள் 36 செக்ஷன், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். தலைமைத் தீர்க்கக்கோட்டிலிருந்து (அளவைக்கு அடிப்படையான தெற்கு வடக்குக் கோடு) கிழக்கே மூன்றாவது பத்தி என்றால் ‘ரேஞ்ச் 3 கிழக்கு’. முதலில் அளந்த பகுதிக்கு ‘ஏழு ரேஞ்ச்’ என்றே பெயர், ஒஹையோவில்.

இடறும் இடம்: தீர்க்கக்கோடுகள் வடக்கே போகப்போக நெருங்கும், ஆகவே மேல்பக்கம் 6 மைல் அகலம் கிடைக்காது. 24 மைலுக்கு ஒருமுறை கோட்டை நகர்த்தி மறுபடி 6 மைலுக்குக் கொண்டுவருவார்கள். டவுன்ஷிப்புக்குள் மிஞ்சும் குறையை வடக்கு ஓரத்திலும் மேற்கு ஓரத்திலும் உள்ள செக்ஷன்களில் தள்ளிவிடுவார்கள். 6ஆம் எண் செக்ஷன் வடமேற்கு மூலையில் இருப்பதால் இரண்டு குறையும் அதன் தலையில். பத்திரத்தில் 640 ஏக்கர் என்று நினைத்து அதை வாங்கினால் நிலத்தில் வேறு எண் இருக்கும்.

டெக்சாஸில் இந்த முறை இல்லை.

வேர்ச்சொல் | 7 மார்ச், காலை 7.05

வேடிக்கை என்னவென்றால், அங்கே ரேஞ்ச் என்பது தெற்கு வடக்காக நிற்கும் பத்தி. படுக்கை வரிசைக்கு வேறு சொல் வைத்துக்கொண்டார்கள். வரிசை எழுந்து நின்றுவிட்டது.

சுருதிப்பெட்டி | 7 மார்ச், 8.40

குரலின் ரேஞ்சை விட்டுவிட்டீர்கள். மந்தர பஞ்சமம் (கீழ்ப் ‘ப’) முதல் தார பஞ்சமம் (மேல் ‘ப’) வரை சுத்தமாக வந்தால் இரண்டு ஸ்தாயி, கச்சேரிக்குப் போதும். ஒரு கட்டை சுருதியில் ஆண்குரல் என்றால் ஷட்ஜம் (‘ச’) சுமார் 131 ஹெர்ட்ஸ், மந்தர பஞ்சமம் 98, தார பஞ்சமம் 392. சரியாக நான்கு மடங்கு. இதற்கு வீச்சு என்று எழுதினால் இயற்பியல்காரர் உரத்த குரல் என்று எடுத்துக்கொள்வார். ஸ்தாயி என்றே எழுதலாம்.

சொல்லேர் | 7 மார்ச், 10.30

பிரித்தாயிற்று. வீச்சு, நெடுக்கம், வீச்சகம், அளவு வரம்பு, எட்டும் தூரம், ஒரு சார்ஜில் ஓடும் தூரம், ரேஞ்ச். ஒரு சொல் விதியைக் கொடுத்தவர்களிடம் பேசிக்கொள்கிறேன். கப்பல் கையேட்டில் ஓதத்தில் கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவுக்கு ‘ஓத வீச்சு’ வைத்திருக்கிறேன், அது நிற்கும் என்று நினைக்கிறேன். இன்னும் இரண்டு வரி மிச்சம். ஒன்று ‘ரேஞ்ச் விளக்குகள்’. இன்னொன்று உலர்துறை (டிரை டாக்) பகுதியில் ‘நங்கூரக் கேபிளை ரேஞ்ச் செய்க’. முதலாவதை ‘வீச்சு விளக்குகள்’ என்றும் இரண்டாவதை ‘நங்கூரக் கேபிளின் வீச்சைப் பார்க்க’ என்றும் எழுதியிருந்தேன்.

வல்வைக்காரன் | 7 மார்ச், 11.15

ஓத வீச்சு நிக்கும். மற்ற ரெண்டும் பிழை, ரெண்டுமே வரிசைதான்.

ரேஞ்ச் விளக்கு எண்டது சோடி. முன்னுக்குத் தாழ்வா ஒண்டு, பின்னுக்கு உயரமா ஒண்டு. கப்பலிலயிருந்து பார்க்க ரெண்டும் ஒண்டுக்கு மேல ஒண்டாய் நேர்கோட்டில நிண்டால் கப்பல் போற வாய்க்காலின்ர நடுவில நிக்கிறியள். கீழ் விளக்கு இடப்பக்கம் விலகித் தெரிஞ்சால் நீங்கள் வலப்பக்கம் தள்ளிப் போயிட்டியள், இடப்பக்கம் திருப்பவேணும். குமரிப் பக்கத்து மீனவர் கணியம் எண்டு கரையில மரத்தையும் கோபுரத்தையும் சேர்த்துப் பார்க்கிறதும் இதே வித்தைதான். ‘வழிகாட்டு நேர்வரிசை விளக்குகள்’ எண்டு போடலாம்.

கேபிள் எண்டது அங்க கயிறோ மின்கம்பியோ இல்லை, சங்கிலி. உலர்துறையில பெட்டியிலயிருந்து முழுச்சங்கிலியையும் இறக்கி, தரையில பக்கம் பக்கமாய் மடிச்சு மடிச்சுப் படுக்க வைக்கிறதுதான் ரேஞ்ச் செய்யிறது. பிறகு தண்ணி அடிச்சுக் கழுவி, ஒவ்வொரு கண்ணியையும் சுத்தியலால தட்டிப் பார்க்கவேணும். நல்ல கண்ணி கணீர் எண்டும், வெடிச்சது மொக்கையாய்க் கேக்கும். தேய்மானத்தைக் கண்ணியள் ஒண்டோட ஒண்டு உரசுற வளைவில அளக்கவேணும், நடுவில அளந்தால் தேய்வு தெரியாது. ஒரே இடத்தில குறுக்கும் நெடுக்குமாய் ரெண்டு விட்டம் எடுத்துச் சராசரி. அது மூல விட்டத்தில 12 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருந்தால் அந்தத் துண்டைக் கழட்டவேணும். ஒரு துண்டு எண்டது 27.5 மீற்றர், அதை ஒரு ஷாக்கிள் எண்டுவினம். துண்டுகளைக் கோக்கிற இணைப்பு ஷாக்கிளுக்குப் பக்கத்தில வெள்ளைப் பூச்சு மங்கியிருந்தால் திருப்பி அடிச்சு, எத்தினையாவது ஷாக்கிள் எண்ட அடையாளத்தையும் போட்டிட்டுத்தான் சங்கிலியை ஏத்தவேணும்.

சொல்லேர் | 7 மார்ச், 11.32

‘நங்கூரச் சங்கிலியை முழுவதும் இறக்கி, தரையில் வரிசை வரிசையாகப் பரப்புக.’ 61ஆவது வரி இது.

சும்மா | 7 மார்ச், 11.33

‘வீச்சு’ எத்தனை மிஞ்சியது?

சொல்லேர் | 7 மார்ச், 11.50

ஒன்பது. அதில் இரண்டு ஓத வீச்சு, மீதி எல்லாம் கணக்குப்பிள்ளையின் பாடத்தில்.